அப்பத்தாவின் பெயரில் ஒரு பட்டா

நம் ஊர்ப்பக்கம் ஒரு மூதாட்டி இறந்துபோனால், துக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, ‘எத்தனை வயசு இருக்கும்?’ என்பதுதான். சரியான பதில் கிடைப்பது அபூர்வம். ‘வைகை அணை கட்டினப்பவே இவுகளுக்கு ரெண்டு பிள்ளை’ என்று யாராவது கணக்குச் சொல்வார்கள். ஆதார் அட்டையில் இருப்பது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதி.

தொண்ணூறு வயது வாழ்ந்திருப்பார். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் வயல்களில் ஐம்பது அறுபது போகம் நாற்று நட்டிருப்பார், களை எடுத்திருப்பார், கதிர் அறுத்திருப்பார். எத்தனை மூட்டை நெல் அவர் கை பட்டு வீடு சேர்ந்தது என்று எண்ணவே முடியாது. ஆனால் அந்த நிலத்தின் எந்தப் பத்திரத்திலும், எந்தச் சிட்டாவிலும் அவர் பெயர் இருக்காது. மிஞ்சுவது ஒரு ரேஷன் கார்டு, ஒரு வாக்காளர் அட்டை, சுவரில் மாலை போட்ட ஒரு படம். சேரிப் பாட்டிகளில் பெரும்பாலானோர் கதை இப்படித்தான் முடிகிறது.

இந்த முடிவை மாற்றுவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு தாய் பழைய மதுரை மாவட்டத்திலிருந்துதான் கிளம்பினார். அவர் பெயர் கிருஷ்ணம்மாள். கணவர் பெயரையும் சேர்த்து கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் என்று நாடு அறியும். நாகை, திருவாரூர் பக்கத்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவர் வெறும் ‘அம்மா’. 2026 ஜூன் 16 அவரது நூறாவது பிறந்தநாள். அந்த நீண்ட வாழ்க்கையை நம் மாவட்டத்து மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாகம்மாளின் மகள்

1926-இல் பட்டிவீரன்பட்டி பக்கத்தில் உள்ள அய்யன்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். இன்று அந்த ஊர் திண்டுக்கல் மாவட்டம். 1985-இல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் மதுரைதான். தாயார் நாகம்மாள் கூலி வேலைக்குப் போனவர். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் அவர் வயலில் பாடுபட வேண்டியிருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவள்தான் இந்த மகள். வறுமை என்றால் என்ன, அநீதி என்றால் என்ன என்பதை அவர் முதலில் கற்றது தாயின் உடம்பிலிருந்துதான்.

நம்மில் பலருக்கு இது புதிய செய்தி அல்ல. வரப்பு ஓரம் வலி எடுத்துப் பிள்ளை பெற்ற கதை நம் குடும்பங்களிலும் உண்டு. நாகம்மாளின் மகள் அதைக் கதையாக விட்டுவிடவில்லை என்பதுதான் வேறுபாடு. நிலம் நம்முடையதாக இருந்திருந்தால் அம்மாவுக்கு இந்தப் பாடு வந்திருக்குமா என்ற கேள்வியைப் பின்னாளில் ஊர் ஊராக எடுத்துச் சென்றார்.

மதுரையில் கிடைத்த படிப்பு

கிருஷ்ணம்மாள் படிக்க வந்தது மதுரைக்கு. அவருக்கு ஆதரவாக இருந்தவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே விதவையாகி, அதன் பிறகு மருத்துவம் படித்து, ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவியவரும் இவர்களே. சேரிக் குழந்தைகளில் பையன்களே பள்ளிக்கூட வாசலைப் பார்க்காத காலத்தில், அந்த ஆதரவைக் கைப்பிடித்துக் கல்லூரிப் படிப்பு வரை போனார் கிருஷ்ணம்மாள்.

அன்றைய மதுரை கொதித்துக்கொண்டிருந்த ஊர். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், தும்பைப்பட்டி கக்கன் உள்ளிட்ட ஐந்து தலித்துகளையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். எல்லாரும் உள்ளே போக முடியாத கோயிலுக்கு நானும் போகமாட்டேன் என்றிருந்த காந்தி, 1946 பிப்ரவரியில் மதுரைக்கு வந்து அந்தக் கோயிலுக்குள் சென்றார். அப்போது கிருஷ்ணம்மாளுக்கு வயது பத்தொன்பது. காந்தியோடு ஒரே மேடையில் இருக்கும் வாய்ப்புப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

கோயில் கதவு திறந்துவிட்டது. ஆனால் கோயிலுக்கும் மடத்துக்கும் பெரிய குடும்பங்களுக்கும் சொந்தமாக இருந்த வயல்களின் வரப்பு நமக்குத் திறக்கவில்லை. கிருஷ்ணம்மாளின் பயணம் அந்தப் பக்கம் திரும்பியது.

சுதந்திரம் வந்த பிறகுதான் கல்யாணம்

செங்கப்படையில் வசதியான சாதி இந்துக் குடும்பத்தில் பிறந்தவர் எஸ். ஜெகந்நாதன். 1930-இல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டு வெளியே வந்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். இருவரும் திருமணத்துக்கு வைத்துக்கொண்ட நிபந்தனை, நாடு விடுதலை அடைந்திருக்க வேண்டும் என்பது. 1950-இல் திருமணம் நடந்தது. சாதி மீறிய திருமணம் என்றால் இன்றைக்கும் அரிவாள் தூக்குகிறவர்கள் இருக்கும் பூமியில், எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த கல்யாணம் அது.

ஜெகந்நாதன் வடக்கே வினோபா பாவேயிடம் சென்றார். கிருஷ்ணம்மாள் சென்னை சென்று ஆசிரியப் பயிற்சியை முடித்தார். பிறகு தமிழ்நாட்டில் பூதான இயக்கத்துக்காக இருவரும் ஊர் ஊராக நடந்தார்கள். பிறந்த மகனுக்கு வைத்த பெயரிலேயே பூமி இருந்தது. மகனும் மகளும் மருத்துவர்கள் ஆனார்கள்.

பூதானம் எப்படித் தொடங்கியது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளிக்கு வினோபா வந்தபோது, அங்கிருந்த தலித் குடும்பங்கள் அவரிடம் பிழைப்புக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்று கேட்டன. அந்த ஊரின் ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். நிலம் கொடுத்தவரின் பெயரைத்தான் வரலாறு அதிகம் சொல்கிறது. கேட்ட குரல் சேரியிலிருந்து வந்தது என்பதை நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெண்மணிக்குப் போன தாய்

1968 டிசம்பர் 25. அன்றைய கீழத்தஞ்சையில் கீழவெண்மணி. கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக, செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததற்காக, ஒரே குடிசைக்குள் அடைபட்ட 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட மிராசுதாரர்களை விடுவித்தது.

அந்தச் சாம்பல்தான் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியைத் தஞ்சைக்கு இழுத்தது. மலையடிவார ஊர்க்காரப் பெண், காவிரிக் கடைமடைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நெல் விளைந்த அளவுக்கு வேறெங்கும் விளையவில்லை. அதே நெல்லை விளைவித்த பண்ணையாட்கள், குடியிருக்கும் மனைகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாமல் வாழ்ந்தார்கள். கூலி கேட்டால் வெட்டு, சங்கம் வைத்தால் நெருப்பு.

கிருஷ்ணம்மாள் முதலில் செய்தது பெண்களோடு உட்கார்ந்து பேசியது. கூலி உயர்வு ஒரு போகத்துக்கு உதவும், நிலம் பரம்பரைக்கே உதவும் என்பது அவர் வாதம். கோயில், அறக்கட்டளைப் பெயர்களிலும் பினாமிப் பெயர்களிலும் இருந்த நிலங்களைக் கேட்டுச் சத்தியாகிரகம் நடத்தினார்கள். வலிவலத்தில் நடந்த போராட்டம் அவற்றில் பெரியது. வயலில் இறங்கி நின்ற பெண்கள் கைதானார்கள், திரும்பி வந்து மறுபடியும் வயலில் நின்றார்கள்.

கடன், பத்திரம், பட்டா

1981-இல் இருவரும் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுகிறவருக்கு நில உரிமை வேண்டும் என்பதுதான் பெயரின் பொருள். அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். ஏனென்றால் இதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

நிலத்தை விற்க விரும்பும் உரிமையாளர் ஒரு பக்கம். அந்த நிலத்தில் காலங்காலமாகக் கூலிக்கு உழைக்கும் குடும்பங்கள் மறுபக்கம். இருவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து நியாயமான விலை பேசுவது முதல் வேலை. அந்தத் தொகைக்கு வங்கிக் கடன் வாங்குவது இரண்டாவது வேலை. நிலமில்லாதவருக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. ஏழை ஒருவர் ஒரு ஏக்கர் வாங்கினாலும் முத்திரைத் தாள் செலவு கழுத்தை நெரித்தது. அதற்காகவும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். மூன்றாவது வேலை, வாங்கிய நிலத்தில் கூட்டாகப் பாடுபட்டுக் கடனை அடைப்பது.

நிலத்தைப் பெண்கள் பெயரில் எழுதவேண்டும் என்பதில் கிருஷ்ணம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை. காரணம் நம் ஊர் அம்மாக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண் பெயரில் உள்ள நிலம் ஒரு கைமாற்றுக் கடனுக்கோ, ஒரு சாராயக் கடைப் பாக்கிக்கோ கைவிட்டுப் போய்விடும். பெண் தன் பெயரில் உள்ள நிலத்தைப் பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்திருப்பாள்.

2007 வரை இப்படிச் சுமார் 13,000 ஏக்கர், ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு ஏக்கர் ஒன்று. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியலாம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கால் வைத்த ஒரு பெண்ணுக்கு, தன் காலடியில் இருப்பது தன் மண் என்று சொல்லும் காகிதம் அது. நிலத்தோடு நிற்காமல் பாய் நெசவு, செங்கல் அறுப்பு போன்ற தொழில்களிலும் பெண்களைப் பயிற்றினார்கள். குடிசைகளுக்குப் பதில் கல்வீடு கட்டும் வேலையிலும் இறங்கினார்கள்.

உப்பு ஏறிய வயல்

1990-களில் வேறொரு ஆபத்து வந்தது. கடலோரத்தில் பெரிய முதலாளிகள் இறால் பண்ணைகளை அமைத்தார்கள். வயல்களில் கடல்நீர் தேங்கியது, கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பானது, பக்கத்து நிலங்களும் பாழாயின. கையகல நிலம் கிடைத்த பெண்களுக்கு அந்த மண்ணே விஷமாகும் நிலை. போராட்டம் தெருவிலும் நடந்தது, நீதிமன்றத்திலும் நடந்தது. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. பிறகு 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி இறால் வளர்ப்புக்கு வேறு வழி திறந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1989-இல் பத்மஸ்ரீ, 2008-இல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-இல் பத்மபூஷண் என்று கிருஷ்ணம்மாளைத் தேடி விருதுகள் வந்தன. 2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் மறைந்தார். இருவரும் சொல்லச் சொல்லக் கேட்டு லாரா கோப்பா என்ற இத்தாலியப் பெண் எழுதிய வாழ்க்கைக் கதை, தமிழில் ‘சுதந்திரத்தின் நிறம்’ என்ற பெயரில் கிடைக்கிறது. கல்லூரி நூலகங்களில் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

தானமா, உரிமையா?

கிருஷ்ணம்மாளைப் போற்றும்போது ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நிலம் தானமாகக் கிடைக்க வேண்டியதா, உரிமையாகக் கிடைக்க வேண்டியதா? பூதானத்தில் வந்த நிலங்களில் கல்லும் முள்ளுமான தரிசுகளும் வில்லங்கத்தில் கிடந்தவைகளும் உண்டு, காகிதத்தில் மட்டும் கைமாறியவையும் உண்டு என்பது அம்பேத்கரிய, இடதுசாரி இயக்கங்கள் சொல்லும் விமர்சனம். நியாயமான விமர்சனம்தான். கீழத்தஞ்சையில் செங்கொடி இயக்கம் பண்ணையாட்களை நிமிர்ந்து நிற்க வைத்திராவிட்டால், பேச்சுவார்த்தைக்கு எந்த மிராசுதாரும் வந்து உட்கார்ந்திருக்கமாட்டார் என்பதையும் மறுக்க முடியாது.

கிருஷ்ணம்மாளின் வாழ்க்கையே இந்தக் கேள்விக்கு ஒரு விதத்தில் பதில் சொல்கிறது. தானம் கேட்டு நடந்தவர், வெண்மணிக்குப் பிறகு சத்தியாகிரகத்துக்குப் போனார். அங்கிருந்து கடனும் பத்திரமும் பட்டாவும் என்ற வழிக்குப் போனார். கொடுப்பவரின் மனசை நம்பித் தொடங்கிய பயணம், பெறுபவரின் பெயரில் உள்ள ஆவணத்தை நம்புவதில் வந்து நின்றது. காந்தி வழியில் நடந்த ஒரு தலித் பெண் வந்து சேர்ந்த இடம், அம்பேத்கர் வழியில் நடப்பவர்களுக்கும் தூரமில்லை.

நமக்கு உரிமையாக எழுதப்பட்ட நிலமும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையின் பேரில், 1892-இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் தெரிந்த ரகசியம்.

நம் வீட்டில் தொடங்குவோம்

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நில உடைமைகளில் பெண்கள் பெயரில் இருப்பவை சுமார் 14 விழுக்காடுதான். நடவும் களையெடுப்பும் அறுவடையும் யார் கையால் நடக்கின்றன என்று நம் வயல்களைப் பார்த்தாலே தெரியும். தலித் பெண்ணுக்கு வரும்போது இந்த இடைவெளி இன்னும் கூடுதல்.

இதில் நாம் செய்யக்கூடியவை உண்டு. முதலாவது, குடும்பத்தில் பாட்டி பெயரிலோ அம்மா பெயரிலோ நிலமோ மனையோ இருந்தால், பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துப் பாருங்கள். பத்திரம் ஒரு பெயரிலும் பட்டா வேறொரு பெயரிலும் இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் மாறாத பட்டாதான் பிற்பாடு வில்லங்கத்துக்கு வாசல்.

இரண்டாவது, பாட்டி இறந்தபின் அவர் நிலம் தானாக ஆண் பிள்ளைகளுக்குப் போய்விடுவதில்லை. மகளுக்கும் சம பங்கு உண்டு. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. ‘பொம்பளப் பிள்ளைக்குச் சீர் செஞ்சாச்சு’ என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நம் சேரிகளிலும் நடக்கிறது. மேல்சாதிக்காரர் நமக்குச் செய்ததை நாம் நம் வீட்டுப் பெண்ணுக்குச் செய்யலாமா?

மூன்றாவது, நிலமில்லாத ஆதிதிராவிட மகளிர் விவசாய நிலம் வாங்க, தாட்கோ வழியாக ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. நில மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. தற்போதைய விதிகளை மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கிருஷ்ணம்மாள் ஒவ்வொரு கையெழுத்துக்கும் படியேறிய காலத்தோடு ஒப்பிட்டால், இன்று ஒரு விண்ணப்பம் போடுவது பெரிய வேலை அல்ல. போட்ட விண்ணப்பத்தை விடாமல் விசாரிப்பதுதான் வேலை.

நான்காவது மாணவர்களுக்கு. உங்கள் அப்பத்தா, அம்மாச்சி உயிரோடு இருந்தால் அவர் கதையைக் கேட்டு எழுதுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்தப் பண்ணையில் வேலை, என்ன கூலி, எத்தனை மரக்கால் நெல், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடவில்லை, முதலில் யார் பள்ளிக்கூடம் போனது, குடியிருந்த மனை எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் மதுரையில் இருந்துதான் வெளிவந்தது. அவரது ‘சங்கதி’யில் வரும் பாட்டி நம் தெருவில் உட்கார்ந்து பேசுகிறவர் போலவே இருப்பார். புதுச்சேரிப் பக்கத்து வீரம்மா என்ற கூலிப் பெண், எழுதப் படிக்கத் தெரியாமலே தன் வாழ்க்கையை வாய்மொழியாகச் சொன்னார். ஜோசியான் ரசீன் அதைப் பதிவு செய்ததால் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அது புத்தகமானது. உலகம் படிக்கும் அளவுக்கு நம் பாட்டிகளிடம் விஷயம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இந்தக் கதைகள் வெறும் நினைவுகள் அல்ல. இன்ன கண்மாய்க்குக் கீழே இன்ன புஞ்சை நம்முடையதாக இருந்தது, இன்ன வருஷம் கடனுக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரு பாட்டி சொல்லும் வார்த்தை, பழைய அ-பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டிய தகவல். பஞ்சமி நிலத்தைத் தேடும் பல முயற்சிகளுக்கு முதல் தடயம் இப்படித்தான் கிடைக்கிறது. அந்தத் தலைமுறை கண் மூடினால், தடயமும் அவர்களோடு போய்விடும்.

நாகம்மாள் பெயரில் நிலம் இருக்கவில்லை. அவர் மகள் ஆயிரக்கணக்கான நாகம்மாள்களின் பெயரில் நிலம் எழுத வைத்தார். நம் தெருவில் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு பாட்டிக்காக நாம் செய்ய வேண்டியது அவ்வளவு பெரியது அல்ல. அவர் பெயரைச் சரியாக எழுதுவோம். அவர் உழைத்த மண்ணின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்வோம். வாங்குகிற அடுத்த மனையை, அடுத்த ஏக்கரை வீட்டுப் பெண்ணின் பெயரில் பதிவு செய்வோம்.